யாருக்கு முதல் தண்ணீர்? ஒரே கேள்வியில் ஒரு சமூக அறிவியல் அலகு

நீடாமங்கலம் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சர் கேட்டது இது: "சமூக அறிவியல் அலகு ஒன்றை ஒரு மையக் கேள்வியைச் சுற்றி அமைக்கும்படி பயிற்சியில் சொன்னார்கள். 'காவிரி நமக்கு ஏன் முக்கியம்?' என்று கரும்பலகையில் எழுதினேன். 'சோறு போடுது டீச்சர்' என்று ஒருவன் சொன்னான், எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அத்தோடு கேள்வி முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? கேள்வியை மாற்ற வேண்டுமா, திட்டத்தையா?"

கேள்வியைத்தான் மாற்ற வேண்டும், டீச்சர். உங்கள் பிள்ளைகள் சொன்னது சரியான பதில். அந்தப் பதிலை அவர்கள் வகுப்புக்குள் வரும்போதே கொண்டுவந்துவிட்டார்கள், அதை மறுக்க அங்கே ஒரு ஆளும் இல்லை. மறுக்க ஆள் இல்லாத கேள்வியை வைத்து ஒரு பீரியடுக்கு மேல் நகர முடியாது. "காவிரி எங்கே உற்பத்தியாகிறது?" என்று கேட்டிருந்தால் தலைக்காவேரி, குடகு என்று இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். "மனித வாழ்வில் நீரின் பங்கு யாது?" என்று கேட்டிருந்தால் கட்டுரை நோட்டு வெளியே வந்திருக்கும், யோசனை வந்திருக்காது.

ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான். ஒரே ஊரில் இருக்கிற நியாயமான இரண்டு பேர், இரண்டு பேருமே நல்லவர்கள், இதற்கு வேறு வேறு பதில் சொல்வார்களா? சொல்வார்கள் என்றால், அவர்களில் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்கப் பிள்ளைக்கு இன்னும் தெரியாத விவரங்கள் வேண்டியிருக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் அந்தக் கேள்வி மூன்று வாரம் தாங்கும். பாடநூலில் இருக்கிற வரைபடம், வரலாறு, ஊராட்சி, வேளாண்மை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது பிள்ளைக்கே தேவைப்படும். நீங்கள் திணிக்க வேண்டியிருக்காது.

உங்கள் ஊருக்கு நான் வைக்கிற கேள்வி: ஆற்றில் தண்ணீர் போதாத வருஷத்தில் யாருக்கு முதலில் விட வேண்டும்? அதை யார் முடிவு செய்ய வேண்டும்?

டெல்டாவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது காதில் விழுந்த பேச்சுதான். வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கிற தலைமடைக்காரர் வயல் நிறைந்து வரப்பு வழியே வழியும்போது, கடைசியில் இருக்கிற கடைமடையில் நாற்று காய்கிற கதையை வீட்டுத் திண்ணையில் கேட்டிருப்பார்கள். ராத்திரி மடையை மாற்றிவிட்டார்கள் என்று நடந்த சண்டையையும் கேட்டிருப்பார்கள். "எங்க வயலு முதல்ல இருக்கு, எங்களுக்குத்தானே முதல்ல" என்று ஒருவன் சொல்வான். "அப்ப கடைசில இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க" என்று இன்னொருத்தி கேட்பாள். அந்த இரண்டு வாக்கியம் வகுப்பில் விழுந்துவிட்டால் உங்கள் அலகு தொடங்கிவிட்டது.

இப்படி ஒரு பாடத்திட்டத்தையே கேள்விகளின் மேல் நிறுத்துவது புதிய யோசனை இல்லை. 1960களில் அமெரிக்காவில் ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் மேல் தொடக்க வகுப்புகளுக்காக அமைத்த சமூக அறிவியல் பாடம் முழுவதும் மூன்று கேள்விகளில் நின்றது: மனிதரிடம் மனிதத்தன்மை என்பது எது, அது எப்படி வந்தது, அதை எப்படி இன்னும் வளர்க்கலாம். பிறகு 1990களின் கடைசியில் கிராண்ட் விக்கின்ஸ், ஜே மக்டைக் இருவரும், அலகின் முடிவில் பிள்ளை என்ன செய்துகாட்ட வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறையைப் பரப்பினார்கள். உங்கள் பயிற்சியில் சொன்னதன் வேர் அங்கே இருக்கிறது. பெயர்களை நீங்கள் நினைவில் வைக்க வேண்டியதில்லை. முடிவிலிருந்து திட்டமிடுவது என்ற அந்த ஒன்றை மட்டும் விடாதீர்கள்.

ஆகவே கடைசி நாளை முதலில் எழுதுங்கள். கடைசி நாளில் வகுப்பில் ஒரு வாய்க்கால் கூட்டம் நடக்கிறது. நிலைமை இதுதான்: ஆடி பாதி ஆகிவிட்டது, வழக்கமாக வருவதில் பாதித் தண்ணீர்தான் வாய்க்காலில் வருகிறது, எல்லார் வயலிலும் நாற்று நிற்கிறது. கூட்டத்துக்குத் தலைமடை விவசாயி வருகிறார், கடைமடை விவசாயி வருகிறார், நடவுக்குப் போகிற அம்மா வருகிறார், மாடு வைத்திருப்பவர் வருகிறார், குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் வருகிறார், ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் வருகிறார். பேசி முடித்தபின் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக உட்கார்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறது. யாருக்கு முதலில் என்று அதில் சொல்ல வேண்டும், யார் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும், இந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்ட மூன்று விவரங்களையாவது காரணமாகக் காட்ட வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு தாளில் குறித்தால் அதுவே உங்கள் பாடத் திட்டம்.

வேடம் கொடுப்பதில் கவனமாக இருங்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பலருடைய வீட்டுக்குச் சொந்த வயல் இருக்காது. அப்பா அம்மா கூலிக்குப் போவார்கள். "நம்ம வயலுக்கு" என்று நீங்கள் பேசத் தொடங்கினால் அந்தப் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அதனால்தான் மேலே "யார் வயலுக்கு" என்று எழுதாமல் "யாருக்கு" என்று எழுதினேன். குறுவை நெல் சாகுபடி இல்லாமல் போனால் முதலில் பட்டினி கிடப்பது நிலம் இல்லாத வீடு என்பது அந்தப் பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவு வகுப்பில் மதிப்போடு வெளியே வரட்டும். கூட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் அதன் வீட்டு நிலைமையையே வேடமாகக் கொடுக்காதீர்கள். சீட்டு போட்டு எடுக்கட்டும். தெருவையும் சாதியையும் வகுப்புக்குள் நாமே மறுபடி நடித்துக்காட்டக் கூடாது.

இனி நடுவில் இருக்கிற நாட்கள். இதில் நான் அதிகம் நம்புவது பள்ளிக்கூட மைதானத்து மண்ணை. முதல் நாளே பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய்ப் பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் கீறச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்தில் வயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மடை, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பிள்ளை. மேல் முனையில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நடுவழியிலேயே மண் குடித்துவிடும், கடைசி வயலுக்கு ஈரம்கூட எட்டாது. கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கத்தும். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேளுங்கள். முதல் வயல் மடையை அடைக்கலாம் என்பார்கள், முறை வைக்கலாம் என்பார்கள், வாய்க்காலைத் தூர்வாரி ஆழமாக்கலாம் என்பார்கள், இன்னொரு வாளி கேட்பார்கள். ஒவ்வொன்றையும் செய்து பார்க்க விடுங்கள். முறைப் பாசனம், தூர்வாரல், மேலே இருக்கிற அணையிலிருந்து கூடுதல் நீர் என்று பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிற அத்தனையும் அந்தப் பதினைந்து அடிக்குள் வந்துவிடும். அன்று அவர்கள் சொன்ன முதல் பதில்களைப் பெயரோடு ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அது கடைசி வரை அங்கேயே இருக்க வேண்டும்.

அடுத்து வரைபடம். தமிழ்நாட்டு வரைபடத்தைக் கீழே விரித்து மேட்டூரிலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் விரலால் வரச் சொல்லுங்கள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. உங்கள் பக்கமே மூணாறு தலைப்பு இருக்கிறது, அங்கே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. முடிந்தால் அங்கே ஒரு நாள் அழைத்துப் போங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நிறுத்தி, "இங்கே எந்தப் பக்கம் எவ்வளவு விடுவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்கிறார், யார் அவர்?" என்று கேளுங்கள். நம் கேள்வியின் இரண்டாம் பாதி அங்கேதான் உயிர் பெறுகிறது. ஆற்றங்கரைக்குப் போகும்போது பெற்றோர் இரண்டு மூன்று பேர் கூட வர வேண்டும், தண்ணீர் ஓடும் நாளில் படியிறங்கவே கூடாது. டெல்டாவில் எத்தனை பிள்ளைகளை வாய்க்காலும் ஆறும் கொண்டுபோயிருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

எண்களைப் பயமில்லாமல் உள்ளே கொண்டுவாருங்கள். செய்தியில் தினமும் கேட்கிற டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர், வீட்டுக் குடத்தில் சுமார் இரண்டு குடம். ஒரு டி.எம்.சி. தண்ணீரை ஒரே நாளில் விட வேண்டுமென்றால் நொடிக்கு ஏறக்குறைய 11,574 கன அடி விட வேண்டும். இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்பில் போட முடியும், ஒரு நாளுக்கு 86,400 நொடி என்று தொடங்கினால் போதும். மேட்டூர் நிறைந்தால் 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. அன்றன்றைய மட்டத்தைச் செய்தித்தாளிலிருந்து எடுத்துத் தினமும் சுவரில் ஒரு கோடு வரைய ஒரு பிள்ளையைப் பொறுப்பாக வையுங்கள். குறுவைக்கு ஜூன் 12 திறப்பது வழக்கம். 2020இல் அந்த நாளில் திறந்தார்கள், 2022இல் மே 24க்கே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். இந்த மூன்று தேதியைக் கொடுத்துவிட்டு, "ஒவ்வொரு வருஷமும் உங்க தாத்தா எந்த நாளில் நாற்று விட்டிருப்பார்?" என்று கேட்டால் குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவப் பெயர்கள் மனப்பாடப் பட்டியலாக நிற்காது, ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவாக மாறும்.

வரலாற்றை எடுக்கும் இடத்தில் பெரும்பாலான திட்டங்கள் நழுவுகின்றன. கல்லணை என்றதும் கரிகாலன் என்று ஒரு வரி, ஒரு படம், அடுத்த பாடம். நம் கேள்வியை அங்கேயும் கொண்டு போங்கள்: இதைக் கட்டியதால் யாருக்குத் தண்ணீர் கூடியது, யாருக்குக் குறைந்தது? கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, காவிரியில் மண் சேர்ந்துகொண்டே இருந்தது, அதனால் தண்ணீர் கொள்ளிடத்தில் பாய்ந்து வீணாகக் கடலுக்குப் போனது என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையின் பெரிய கவலை. அதற்காகத்தான் ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அதே காலத்தில் வந்த கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனது. அதுவரை பங்கு கேட்காத ஊர்கள் அன்றிலிருந்து பங்கு கேட்கத் தொடங்கின. ஒவ்வொரு அணையும் ஒவ்வொரு கால்வாயும் அந்தந்தத் தலைமுறை நம் கேள்விக்குச் சொன்ன பதில் என்று பிள்ளைகள் கண்டுகொண்டால் போதும். ஆண்டுகள் தானே மனதில் நிற்கும்.

"யார் முடிவு செய்ய வேண்டும்" என்பதற்கு உத்திரமேரூர் கல்வெட்டை எடுங்கள். ஊர் காஞ்சிபுரம் பக்கம், டெல்டாவில் இல்லை, இருந்தாலும் அது சோழர் ஆட்சியில், முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் இருந்தது, உறுப்பினரைக் குடவோலை முறையில் எடுத்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திவிடாமல் யார் நிற்கலாம் என்ற தகுதியையும் வாசியுங்கள்: வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். "அப்ப எங்க அப்பா நிக்க முடியாதா?" என்று ஒரு குரல் வரும். பெண்கள் எங்கே என்று இன்னொரு குரல் வரும். இன்றைய ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டத்தை அந்த நிமிடத்தில் சொல்லுங்கள், காதை விட்டு நழுவாது. குடிமராமத்துக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டிய வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் மண்வெட்டி பிடித்தவர் யார், கரையில் நின்று பார்த்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். 1858இல் சென்னை மாகாணத்தில் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமே போட்டார்கள் என்பதை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

பேட்டி எடுக்க நான்கு பேர் போதும். வயதான விவசாயி ஒருவர், நடவுக்குப் போகிற பெண் ஒருவர், லஸ்கர் ஒருவர், குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர் ஒருவர். கடைசி ஆளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் வேதாரண்யம் வரைக்கும் குடிநீராகப் போகிறது. வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறது. வயலா, குடமா என்று யோசிக்கும்போது அதுவரை "கடைமடைக்குத்தான் முதலில்" என்று அடித்துப் பேசிய பிள்ளைகூடக் கொஞ்சம் நின்று யோசிக்கும். கேள்விகளை முந்தின நாளே பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரட்டும். "தாத்தா, நீங்க தண்ணி இல்லாத வருஷத்துல என்ன பண்ணீங்க?" என்ற ஒரே கேள்வி பத்துக் கேள்விக்குச் சமம்.

கர்நாடகத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். வீட்டில் டி.வி. ஓடுகிறது. ஒதுக்க வேண்டாம், கோபத்தை ஊட்டவும் வேண்டாம். மைதானத்து வாய்க்காலை நினைவுபடுத்துங்கள். இங்கே தலைமடை, கடைமடை என்று நாம் பேசியது அங்கே மாநிலம், மாநிலம் என்று பெரிதாகியிருக்கிறது. 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதே ஆண்டில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம். 2018 தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கு வைத்துத் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தார்கள். மிச்சம் 14 ஆற்றுக்கும் கடலுக்கும். அந்த 7 யாருக்கு என்று கேட்டால் காரைக்கால் வரைபடத்தில் தெரிந்துவிடும். மிச்சம் 14 ஏன் என்று கேட்டால் ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற எண்ணம் முதல் தடவையாகப் பிள்ளை மனதில் விழும். கர்நாடகத்து மாண்டியாவில் இருக்கும் விவசாயி வீட்டுப் பிள்ளை இதே கேள்விக்கு என்ன கடிதம் எழுதும் என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த அலகில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதை வைத்துக்கொள்வேன்.

மதிப்பெண் போடும்போது பதிலுக்குப் போடாதீர்கள். தலைமடைக்கு என்று எழுதினாலும் குடிநீருக்கு என்று எழுதினாலும் ஒன்றுதான். காரணமாகக் காட்டிய விவரம் சரியா, எதிர்ப்பக்கத்தாரின் கஷ்டத்தை ஒரு வரியாவது சொல்லியிருக்கிறதா, முதல் நாள் சுவரில் எழுதியதிலிருந்து எண்ணம் மாறியிருந்தால் எதனால் மாறியது என்று சொல்ல முடிகிறதா, இவற்றுக்குப் போடுங்கள். மாறாமலும் இருக்கலாம், காரணம் உறுதியாகியிருந்தால் அதுவும் கற்றல்தான். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் சொந்தப் பதிலைக் கடைசிக் கடிதம் வாங்கும் வரை சொல்லாதீர்கள். டீச்சர் நினைப்பது தெரிந்த நிமிடத்தில் வகுப்பு முழுக்க அதையே எழுதும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பைச் சேர்த்து எடுப்பவராக இருந்தால் கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டாம். நான்காம் வகுப்புக்கு ஊர் வாய்க்கால் வரை, ஐந்தாம் வகுப்புக்கு மேட்டூரும் மாநிலங்களும் வரை, மைதானமும் கூட்டமும் இருவருக்கும் ஒன்றாக. பாடநூலில் எந்தப் பக்கத்தை எந்த நாளில் தொட்டீர்கள் என்று பாடக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பார்வைக்கு வருபவர் கேட்டால் காட்ட அது வேண்டும்.

காலம் ஜூன், ஜூலை அமைந்தால் நல்லது, மேட்டூர் செய்தி தினமும் வரும். அலகு இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிப்போய் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கவலைப்பட வேண்டாம், கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: சம்பா வயல் மூழ்கி நிற்கும்போது யார் நிலத்து வழியாகத் தண்ணீரை வடிய விடுவது? மைதானத்தில் அதே வாய்க்கால், இந்தத் தடவை ஐந்து வாளி. வடிகால் தூர்ந்த ஊரில் கடைசி வயல்காரர் கோடையில் தண்ணீர் கேட்டு நின்ற அதே இடத்தில் மழையில் தண்ணீரை வெளியேற்ற வழி கேட்டு நிற்பார். அதைப் பிள்ளைகள் அவர்களாகவே சொல்லும் வரை காத்திருங்கள்.